போட்டோ மூஞ்சி

என் அக்காவைப் பற்றிச் சொல்வதென்றால் அவள் கோபத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் படம் எடுக்கிறாள். "தலைய நிமித்துங்க" என்று இரண்டாம் முறை சொல்லும்போதே குரல் ஏறிவிடும். வந்தவர்கள் பயந்துபோய் அசையாமல் உட்காருவதால் படங்கள் நன்றாகவே வரும். அந்தக் கோபம் அம்மா கொடுத்தது. எனக்கும் ஒரு பங்கு உண்டு.

அம்மா திட்டினால் புருவம், மூக்கு, கன்னம் எல்லாம் சேர்ந்து திட்டும். ஆனால் எங்கள் ஆல்பத்தில் அந்த அம்மா இல்லவே இல்லை. அக்காவின் பழைய எஸ்.எல்.ஆர். கேமராவை அமுக்கினால் உள்ளே இருக்கும் கண்ணாடி 'டபக்'கென்று எழும்பி விழும். முதல் படத்தில், கேமராவைப் பார்த்துவிட்ட அம்மாவின் கை முகத்தை மறைத்திருக்கும். அந்தச் சத்தம் கேட்டதும், அடுத்த படத்துக்குள், வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாதவள்போல் ஒரு சாதுவான முகத்தை வைத்துக்கொள்வாள். அதற்கு நாங்கள் வைத்த பெயர் போட்டோ மூஞ்சி.

போன வருடம் அம்மாவின் காதடியில் ஒரு கட்டி வந்தது. முகத்தை அசைக்கும் நரம்பு அதற்குள் மாட்டியிருக்கிறது, வெட்டினால் ஒரு பக்கம் அசையாது என்றார் டாக்டர். ஏதோ நகம் வெட்டுவதைச் சொல்வதுபோல் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்காவுக்கு ஒரே எண்ணம்தான்: ஆபரேஷனுக்கு முன்னால் அம்மா திட்டும் முகத்தைப் படம் பிடித்துவிட வேண்டும்.

ஸ்டூடியோ முதலாளி ஒரு சின்ன கேமராவை எடுத்துக் கொடுத்தார். "இது ரேஞ்ச்ஃபைண்டர்மா. கண்ணாடி கிடையாது, சத்தமே வராது. நாம பாக்குற ஜன்னல் வேற, லென்ஸ் வேற. உன் கேமரா, இது, ரெண்டையும் வச்சுப் பாரு. எது வேணாமோ அத என்கிட்ட குடுத்துடு."

ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்பு அக்கா அதை மடியில் துண்டுக்கடியில் ஒளித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எங்கள் ஏற்பாட்டின்படி நான், "அம்மா, வேலைய விட்டுட்டேன்" என்றேன்.

"விட்டுட்டியா? உன்னப் பெத்ததுக்கு ஒரு கல்லப் பெத்திருந்தா துணியாவது துவைச்சிருப்பேன்டி!"

அம்மா வெளுத்து வாங்கினாள். அக்கா கேமராவைத் துண்டோடு கண்ணுக்குத் தூக்கி ஒரு முழு ரோலையும் எடுத்துவிட்டாள். என்னைத் திட்டும் வேகத்தில் அம்மா கவனிக்கவே இல்லை. வேலையை விடவில்லை, சும்மா சொன்னேன் என்றதும் அதற்கு வேறு தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பிலிமைக் கழுவினால் ஒன்றுமே இல்லை. முதலிலிருந்து கடைசிவரை வெறும் பிலிம்.

"தூசி படியுமேன்னு லென்ஸுக்கு மூடி போட்டு வச்சேன்" என்றார் அத்தான், அக்காவின் வீட்டுக்காரர். டிவி ரிமோட்டின் பிளாஸ்டிக் உறையை இன்றுவரை பிரிக்காத மனிதர். எஸ்.எல்.ஆரில் மூடி இருந்தால் உள்ளே இருட்டாகத் தெரியும், உடனே கழற்றிவிடலாம். அந்தப் பழக்கத்தில்தான் அக்கா பார்க்கவில்லை. இதிலோ ஜன்னலில் அம்மா பளிச்சென்று தெரிந்திருக்கிறாள், லென்ஸுக்கு மட்டும் தெரியவில்லை. "உங்கள யாரு தொடச் சொன்னா?" என்று அக்கா கத்தினாள். நான் அவளைவிட அதிகமாகக் கத்தினேன். இப்போதும் அந்த மனிதரைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அக்கா மறுபடி முயன்றாள். அம்மா யாரையும் திட்டவில்லை. நர்ஸ் நரம்பு கிடைக்காமல் கையைக் குத்திக் குத்திப் பார்த்தபோதுகூட, "பரவால்லம்மா" என்றாள். பயம். அந்தப் பயத்தைப் பார்க்க எனக்கு ஆத்திரமாக இருந்தது.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்து ஒரு மாதம் கழித்து, ஒருநாள் அக்கா எஸ்.எல்.ஆரைத் தூக்கினாள். அம்மா கட்டிலில், தையல் போட்ட பக்கம் எங்களுக்குத் தெரிய, பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தாள். சுருக்கமெல்லாம் போய், கன்னம் வழுவழுவென்று, பரம சாதுவாக. டபக்.

"போட்டோ மூஞ்சி வைக்காதம்மா! எத்தன தடவ சொல்றது?" என்று எரிந்து விழுந்தாள் அக்கா.

"நான் எங்கடி வச்சேன்?" என்றாள் அம்மா, வார்த்தை குழற. "வந்ததுலேர்ந்து உங்க ரெண்டு பேரையும் திட்டிக்கிட்டுத்தான் இருக்கேன்."

அக்கா மறுநாளே ரேஞ்ச்ஃபைண்டரைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். இனி சத்தம் கேட்டால் என்ன, கேட்காவிட்டால் என்ன.