பத்து செகண்ட் தாராளம்

பத்து, ஒன்பது, எட்டு என்று உதட்டுக்குள்ளேயே எண்ணுகிறாள். கணினித் திரையின் அடியிலும் அதே எண்கள் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருக்கின்றன. பக்கத்தில் நிற்கும் கணினிச் சொந்தக்காரர், "அக்கா, எதையாவது அழுத்தணுமா?" என்று பதறினால், "சும்மா இருங்க. அது கேள்வி கேக்குது. பதில் வரலேன்னா என்ன பண்ணுதுன்னு பாக்கலாம்" என்பாள். எண்ணிக்கை முடிந்ததும் திரை ஒரு நொடி கறுத்து, பட்டியலில் முதல் வரியில் இருக்கும் சிஸ்டம் திறக்கிறது. "சரி, எண்ணத் தெரியுது" என்று கண்ணாடியைக் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்கிறாள். கண்ணாடி தொங்குவது ஒரு பழைய ஷூ லேஸில்.

வயது நாற்பத்தேழு. கணினி பழுது பார்க்கிறவள். எல்லாப் பழுதும் பார்ப்பாள் என்றாலும், ஒரே கணினியில் அதை இயக்கும் சிஸ்டங்கள் இரண்டைக் குடிவைக்க வேண்டுமென்றால் அவளைத் தவிர வேறு யாரையும் கூப்பிடுவதில்லை. அப்பாவுக்குப் பழைய விண்டோஸ் வேண்டும், மகளுக்கு லினக்ஸ் வேண்டும், இன்னொரு கணினிக்கு வீட்டில் இடமில்லை. இப்படிப்பட்ட வீடுகள் ஊரில் நிறைய இருக்கின்றன. ஹார்டு டிஸ்கை இரண்டாகப் பிரிப்பதற்கு அவள் வைத்திருக்கும் பேர் பாகப்பிரிவினை. "பாகப்பிரிவினை அரை மணி வேலைங்க. வாசல்தான் தலைவலி."

வாசல் என்று அவள் சொல்வது பூட் லோடரை. இரண்டு சிஸ்டமும் ஒரே நேரத்தில் எழுந்துகொள்ள முடியாது. அதனால் கணினியைப் போட்டதும் அவர்களுக்கு முன்னால் ஒரு சின்ன நிரல் எழுந்து, கறுப்புத் திரையில் பட்டியலைக் காட்டி, யாரைக் கூப்பிடட்டும் என்று கேட்கும். கொஞ்ச நேரம் பார்க்கும். பதில் வராவிட்டால் முதல் வரியில் இருப்பவரைத் தானே கூப்பிட்டுவிடும். அந்தக் கொஞ்ச நேரம் எவ்வளவு என்பதை, அதை நிறுவுகிறவர்தான் எழுதி வைக்க வேண்டும். அவள் பத்து என்று எழுதுவாள். எல்லா வீட்டிலும் பத்துதான். போதுமா என்று யாராவது இழுத்தால், "பத்து செகண்ட் தாராளம். அதுக்குள்ள ஒரு வாய்ச் சண்டையே போட்டு முடிச்சிடலாம்" என்பாள். இருபது வருடமாக அதே வசனம். சிரிக்காமல்தான் சொல்வாள், கேட்பவர்கள் சிரித்துவிடுவார்கள்.

அவளுடைய ஆயுதங்கள் எல்லாம் ஓர் எவர்சில்வர் சாப்பாட்டு டப்பாவுக்குள் அடக்கம். மேல்தட்டில் பென் டிரைவ்கள், கீழ்த்தட்டில் திருப்புளிகள். ஒவ்வொரு பென் டிரைவிலும் புண்ணுக்கு ஒட்டும் பிளாஸ்திரியைச் சுற்றி, அதன்மேல் பேனாவால் எழுதியிருக்கிறாள். ஒன்றில் "வைத்தியர்", ஒன்றில் "புதுக்குடி", ஒன்றில் "கடைசி நம்பிக்கை". எந்த வீட்டுக்குப் போனாலும் வெந்நீர்தான் கேட்பாள். சோபாவில் உட்கார மாட்டாள். உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது என்று சொல்வது வேடிக்கைக்கு இல்லை. முழங்கால் அப்படி.

எட்டு மாதமாக முழங்காலைவிடப் பெரிய அலுப்பு ஒன்று சேர்ந்துகொண்டிருக்கிறது. அவள் கணவர் இன்சூரன்ஸ் ஏஜென்ட். பேசிப் பேசியே பிழைத்த மனுஷன். ராங் நம்பரில் வந்தவரைக்கூட கால் மணி நேரம் நிறுத்தி வைத்துப் பேசுவார். ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவரைப் பக்கவாதம் தள்ளிவிட்டது. கால் பாதி திரும்பி வந்தது. பேச்சு வரவில்லை. சொல்ல வேண்டியது உள்ளே இருக்கிறது, சொல்தான் வாய்வரைக்கும் வந்து சேருவதில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒரே ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாள்: "கேட்டுட்டுக் காத்திருங்க மேடம். அவருக்குப் பதிலா நீங்க சொல்லாதீங்க. இப்ப முயற்சி பண்ணலேன்னா அப்புறம் அவர் முயற்சி பண்றதையே விட்டுடுவார்."

முதல் மாதம் காத்திருந்தாள். இரண்டாவது மாதம் பாதி காத்திருந்தாள். இப்போது, "காபியா, டீயா?" என்று கேட்டுவிட்டு, அவர் உதடு அசையத் தொடங்கும்போதே, "டீதானே? டீ போட்டுடறேன்" என்று முடித்துவிடுகிறாள். காபி இல்லாமல் கண்ணைத் திறக்காத ஆள் அவர். எட்டு மாதத்தில் முக்கால்வாசி டீயாகவே குடித்திருக்கிறார். டீ சட்டென்று முடியும், காபிக்கு டிகாஷன் இறங்கக் காத்திருக்க வேண்டும். அடுத்து போக வேண்டிய வீட்டில் யாரோ சிஸ்டம் திறக்கவில்லை என்று போனில் கத்திக்கொண்டிருப்பார்கள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள்தான் தன்னைச் சொல்லிக்கொள்கிறாள், அதுவும் படியேறும்போது மட்டும்.

போன வாரம் அப்படி ஏறியது மூன்றாவது மாடி. அங்கே ஒரு மாமனாரும் மருமகளும் ஒரு கணினியைப் பங்குபோட்டுக்கொள்கிறார்கள். மருமகள் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவள், அவளுக்கு லினக்ஸ். மாமனார் ஒரு வாரப் பத்திரிகைக்கு இருபத்தாறு வருடமாகக் குறுக்கெழுத்துப் போட்டி தயாரிப்பவர். அவருடைய பழைய தமிழ் எழுத்துரு பழைய விண்டோஸில் மட்டும்தான் வாயைத் திறக்கும். இரண்டையும் குடிவைத்து வாசலும் வைத்துக் கொடுத்தவள் இவள்தான், நாலு மாதத்துக்கு முன்னால். வேலை பார்க்கிறவளுக்கு அவசரம் என்று மருமகளை முதல் வரியில் போட்டிருந்தாள்.

மருமகள் போனில் சொன்ன பழுது இது: "அக்கா, சிஸ்டம் தானா ஆஃப் ஆகி ஆன் ஆகுது. காலைல ஆறேழு தடவை ஆன் ஆகுற சத்தம் கேக்குது. ஓடி வந்து பாத்தா மாமா ஒண்ணுமில்லேங்கறார்."

மின்சாரம் வரும் பெட்டியைப் பார்த்தாள். விசிறியைத் துடைத்தாள். மெமரியைக் கழற்றி மாட்டினாள். "வைத்தியர்" ஒரு மணி நேரம் சோதித்துவிட்டு, உடம்பில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டார். பெரியவர் ஜன்னலோரம் நின்று, எதையும் கவனிக்காதவர்போல வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நிற்கிற தோரணையில்தான் அவளுக்குச் சந்தேகம் தட்டியது. மருமகளை வெந்நீர் வைக்க அனுப்பினாள்.

"ஐயா, நீங்க எப்பவும்போலப் போடுங்க. நான் இந்த வயரைப் பாக்கறேன்."

பெரியவர் போட்டார். பட்டியல் வந்தது. பத்து. சட்டைப்பையிலிருந்து படிக்கும் கண்ணாடியை எடுத்து மாட்டினார். ஏழு. குனிந்து தன் வரி எது என்று தேடினார், மூன்றாவது வரி. ஐந்து. வலது கையைத் தூக்கினார். கை தூக்கியதும் நடுங்கத் தொடங்கியது. அதை மேஜை விளிம்பில் வைத்து, இடது கையால் அமுக்கி, அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு. விரல் கீழ் அம்புக்குறிக்கு மேலே போய் நின்றது. திரை கறுத்து, மருமகளுடைய சிஸ்டம் பளிச்சென்று திறந்தது. அவர் பொத்தானை அமுக்கி அணைத்துவிட்டு, மறுபடி போட்டார். கணினியின் நோய் அவ்வளவுதான்.

நாலு மாதத்துக்கு முன்னால் இந்த நடுக்கம் இல்லை. இருந்ததா, தான் பார்க்கவில்லையா என்று யோசித்தாள். தெரியவில்லை.

"எத்தனை நாளா ஐயா?"

"மூணு வாரமா கட்டம் அனுப்பலம்மா. உடம்பு சரியில்லேன்னு சொல்லியிருக்கேன்." மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு கவரைக் காட்டினார். ஒட்டியாகிவிட்டது, அனுப்பவில்லை. "வயசாயிடுச்சு, இனிமே வேற ஆளைப் பாத்துக்கோங்கன்னு எழுதிட்டேன். பத்து செகண்ட் தாராளம்னு நீங்கதானே சொன்னீங்க. தாராளமா குடுத்ததே எனக்குப் பத்தலேன்னா, அப்புறம் யார்கிட்டப் போய்ச் சொல்றது?"

இருபது வருட வசனம் முதல் தடவையாக அவளுக்கே திரும்பி வந்தது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைப்பக்கம் திரும்பினாள்.

லினக்ஸுக்குள் போய், வாசலுடைய குறிப்புக் கோப்பைத் திறந்தாள். அதில் ஒரு வரி, வரியின் முடிவில் பத்து. அதை அழித்துவிட்டு மைனஸ் ஒன்று என்று அடித்தாள். நடுவில் தேவையில்லாமல் நின்ற வரியையும் எடுத்துவிட்டாள். இனி மேலே மருமகள், கீழே மாமனார். புதுக் குறிப்பைப் பட்டியலில் ஏற்றிவிட்டு, கணினியை மறுபடி போட்டாள்.

இந்தத் தடவை எண்களே வரவில்லை. இரண்டு வரிகள், அவ்வளவுதான்.

"இது எவ்ளோ நேரம் நிக்கும்?"

"மைனஸ் ஒண்ணுன்னா எண்ணாதேன்னு அர்த்தம் ஐயா. நீங்க குளிச்சுச் சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டுட்டு வந்தாலும் இப்படியேதான் நிக்கும்."

பெரியவர் நம்பவில்லை. கண்ணாடியை நிதானமாகத் துடைத்து மாட்டிக்கொண்டு, திரையை ஓரக்கண்ணால் பார்த்தார். நின்றது. கையை மேஜை விளிம்பில் வைத்து அடக்கினார். நின்றது. அம்புக்குறியை ஒரு தடவை அழுத்தினார், பிறகு என்டர். பழைய விண்டோஸ் ஆடி அசைந்து எழுந்து வந்தது. "காத்திரு. நாலு கட்டம்" என்றார், தொழில் புத்தியில்.

வெந்நீரோடு வந்த மருமகளுக்கு விஷயம் புரிந்ததும் முகம் சிறுத்துப்போனது. "என்ன மாமா இது! ஒரு குரல் குடுத்திருந்தா நானே வந்து அழுத்தியிருப்பேனே."

"நீ அழுத்திடுவேம்மா. அதான் சொல்லல."

டப்பாவை மூடிக்கொண்டிருந்தவளுக்கு அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. வெந்நீரை வாங்கி, பாதியைக் குடித்துவிட்டு, இறங்கிவிட்டாள். மூன்று மாடியும் இறங்கும்வரை அந்த "அதான் சொல்லல" கூடவே இறங்கியது. அவள் கணவரும் எட்டு மாதத்தில் டீ வேண்டாம் என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. சொல்ல அவள் எங்கே விட்டாள்? இன்னும் மூன்று வீடு பாக்கி இருந்தது. ஒன்றை மட்டும் முடித்துவிட்டு, மற்ற இரண்டு வீட்டுக்கும் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். அவள் அப்படிச் சொல்கிற ஆளில்லை.

வீட்டுக்கு வந்தபோது மணி நாலரை. கணவர் சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில், வெயில் படாத நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கை கால் கழுவினாள். டப்பாவை அலமாரியில் வைத்தாள். பழக்கதோஷம், கேட்பதற்கு முன்பே அடுப்பைப் பற்றவைத்து டீக்குத் தண்ணீரையும் வைத்துவிட்டாள். பிறகுதான் திரும்பினாள்.

"காபியா, டீயா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். உதடு குவிந்தது, பிரிந்தது. இடது கை மேஜைமேல் எதையோ தேடியது. ஒன்பது, எட்டு, ஏழு. தான் எண்ணிக்கொண்டிருப்பது அவளுக்கு நாலு வரும்போதுதான் தெரிந்தது. பின்னால் தண்ணீர் கொதிக்கத் தொடங்கியது. செல்போன் மணி அடித்தது. அவர் கண் ஒரு தடவை போன்பக்கம் போய், அவள் முகத்துக்குத் திரும்பி வந்து, தானாகவே கீழே தாழ்ந்தது. அவள் டீ என்று சொல்லப்போகிறாள் என்று அவருக்குத் தெரியும்.

அவள் கையை நீட்டி அடுப்பை அணைத்தாள். ஸ்டூலை இழுத்து அவருக்கு நேர் எதிரே போட்டு, முழங்கால் வலிக்க வலிக்க உட்கார்ந்தாள்.