முந்தல் வீட்டுக்குப் போகாத மூன்று மாதங்கள்

முதலில் எரிச்சல்தான் இருந்தது. சிறுநீர் கழிக்கும்போது கொஞ்சம் எரியும், பிறகு அடங்கிவிடும். சூடு என்று நினைத்து இளநீர் குடித்தேன். அடுத்த வாரம் முதுகில், வலது விலாவுக்குக் கீழே வலி தொடங்கியது. படுக்கையில் கிடப்பவர்களைத் தூக்கித் திருப்பிப் போடுகிற வேலை எனக்கு. அதனால் வந்த வலி என்று தைலம் தேய்த்துக்கொண்டேன்.

ஒரு புதன்கிழமை மாலை, ஏலத்தோட்டத்து ஆட்களோடு ஜீப்பில் மலையிலிருந்து இறங்கும்போது நடுக்கம் வந்தது. மலைக்குளிர் என்று சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். அடிவாரத்தில், முந்தலில் இறங்கியபோது மற்றவர்களுக்கு வியர்த்துக்கொண்டிருந்தது. எனக்குப் பற்கள் தந்தியடித்தன. காலையில் நிறுத்திவிட்டுப் போன ஸ்கூட்டரில் சாவியை நுழைக்கக் கை நிற்கவில்லை.

நான் நர்ஸ். போடியில் ஒரு தொண்டு அமைப்பின் சார்பில் வீடு தேடிப் போய் நோயாளிகளைப் பார்க்கிறேன். புண்ணுக்குக் கட்டு மாற்றுவேன், சிறுநீர்க் குழாய் (தானாகச் சிறுநீர் கழிக்க முடியாதவர்களுக்குப் பொருத்துவது) மாற்றுவேன். பையில் எவ்வளவு வடிந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு, "தண்ணி பத்தாது, நல்லாக் குடிங்க" என்று வீட்டுக்கு வீடு சொல்வேன். என்னைப் போல வீடு வீடாகப் போய் உழைக்கும் பெண்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

தேனி மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தார்கள். வலது சிறுநீரகம் வீங்கியிருந்தது. பைலோநெஃப்ரைட்டிஸ் (சிறுநீர்ப்பையில் தொற்றிய கிருமி மேலேறிச் சிறுநீரகத்தைத் தாக்குவது) என்றார் மருத்துவர். என் வயதுடைய பெண்தான்.

"காலையில வீட்ல பாத்ரூம் போனா, அடுத்து எப்ப போவீங்க?"

"சாயந்திரம் வீட்டுக்கு வந்துதான் டாக்டர்."

"தண்ணி?"

"குடிச்சா போகணும்ல. அதனால குடிக்கிறதில்ல."

"நீங்க நர்சுதானம்மா?" என்றார்.

கிரியேட்டினின் (சிறுநீரகம் ஒழுங்காக வடிகட்டுகிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு) கூடியிருந்தது. அது இறங்காவிட்டால் மதுரைக்குப் போக வேண்டிவரும் என்றார். அந்த அளவு இறங்காமலே போன நோயாளிகளை என் சோலியில் பார்த்திருக்கிறேன். மூன்று நாள் ஊசி ஏறியது. என் படுக்கையில் தொங்கிய, சிறுநீர் வடியும் பையை நானே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் கணவர் முருகேசனுக்கு ஏலக்காய்க் கடையில் தரம் பிரிக்கும் வேலை. அவர் கட்டிலோரம் உட்கார்ந்து, "பதினஞ்சு வருசமா ஒரே வீட்ல இருக்கோம். எங்கிட்டக்கூடச் சொல்லலையே" என்றார்.

"இதப் போயி என்னன்னு சொல்றது?"

"இப்படி ஒரு சோலி வேண்டாம், விட்டுரு."

நான்காம் நாள் அளவு இறங்கியது. அன்றைக்குத்தான் நடந்ததை முழுக்க யோசித்தேன்.

முன்பெல்லாம் எந்த வீட்டுக்கு எப்போது போவது என்பதை நானே வைத்துக்கொள்வேன். காலையில் மலையில் மூன்று வீடு. மதியப் பஸ்சில் இறங்கி முந்தலில் ஒரு வீடு. பிறகு சிலமலைப் பக்கம். முந்தல் வீட்டில், மரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்விழந்த ஒருவர் இருந்தார். அவர் மனைவி பாண்டியம்மாள், நான் கேட்காமலே எனக்காகக் கொல்லைக் கழிப்பறையில் வாளி நிறையத் தண்ணீர் வைத்திருப்பார். மலையில் அப்படி ஒரு வீடு இல்லை. தோட்டத்து லயத்தில் (தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள்) பொதுக் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது.

பிறகு மதுரைக் கல்லூரியிலிருந்து நித்யா என்ற ஆய்வாளர் வந்தார். வீட்டுக்குப் போய்ச் சிகிச்சை செய்பவர்கள், பொருள் கொண்டுபோய்க் கொடுப்பவர்கள், இவர்களெல்லாம் எந்த வழியை, எந்த வரிசையை விரும்புகிறார்கள் என்பது அவர் ஆய்வு. அதை வைத்துக் கம்ப்யூட்டரில் எங்களுக்குப் புதுப் பாதை போடுவதாகவும் ஏற்பாடு. தூரம் முக்கியமா, நேரம் முக்கியமா, எந்த வீடு முதலில் என்று கேட்டார். "எந்த வரிசைன்னாலும் சரி" என்றேன். இரண்டு நாளாகப் பிரித்துப் பார்த்த மலை வீடுகள் ஆறும் புதுப் பாதையில் ஒரே நாளில் சேர்ந்தன. முந்தல் வீடு வேறொரு நர்சுக்குப் போயிற்று. தூரம் நன்றாகக் குறைந்தது. மூன்று மாதத்தில் நான் தேனியில் கிடந்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு நித்யா விசாரிக்கக் கூப்பிட்டார். முந்தல் வீடு கைவிட்டுப் போனதிலிருந்து பகலெல்லாம் அடக்கிக்கொண்டு திரிந்ததைச் சொல்லிவிட்டேன்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமேக்கா" என்றார்.

"சுத்தி டெலிவரி ஆம்பளைக உக்காந்திருந்தாக. உங்க தாள்லயும் இதக் கேக்கலையேம்மா."

அடுத்த வாரமே வந்தார். இம்முறை பெண்களை ஒவ்வொருவராகத் தனி அறையில் பார்த்தார். எங்களில் அநேகமாக ஒவ்வொருத்திக்கும் அப்படி ஒரு வீடு இருந்திருக்கிறது. யாரும் யாரிடமும் சொன்னதில்லை.

நித்யாவோடு எங்கள் அமைப்பின் மேலாளரிடம் நானும் போனேன். "பழையபடி போனா தூரம் கூடுதேம்மா" என்றார் அவர்.

"கூடட்டும் சார். அந்தத் தூரம் இல்லேன்னா என்னால இந்த வேலை பாக்க முடியாது."

அவர் பாதைத் தாளை எடுத்து, முந்தலை எனக்கு மதியத்துக்கு மாற்றினார். எல்லாருக்கும் அப்படி அமையவில்லை. குரங்கணிப் பக்கம் போகிற நர்சுக்கு இன்னும் வழி பிறக்கவில்லை. நித்யா அதற்காக எழுதிக்கொண்டிருக்கிறார். முருகேசன் வேலையை விடச் சொல்வதில்லை. காலையில் இரண்டு பாட்டில் தண்ணீர் நிரப்பி ஸ்கூட்டரில் வைக்கிறார்.

புதிதாக ஒரு வீட்டுக்குப் போனால், பையைத் திறக்கும் முன் "பாத்ரூம் எங்கிட்டுக்கா இருக்கு?" என்று கேட்டுவிடுகிறேன். சிலருக்கு முகம் மாறும். பலர் எழுந்து வந்து காட்டுவார்கள்.

சிறுநீரகத்தில் ஒரு சிறிய தழும்பு தங்கிவிட்டது என்கிறது கடைசி ஸ்கேன். அதனால் தொந்தரவு இல்லை என்றார் மருத்துவர். முன்பு காலையில் வீட்டைப் பூட்டும்போது உடம்பையும் உள்ளே விட்டுப் போனவள்போலத்தான் மாலைவரை திரிந்தேன். இப்போது மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அது கூப்பிடுகிறது. சிலமலைச் சாலையில் விலாவுக்குக் கீழே லேசாக இழுத்தால் வண்டியை ஓரம் கட்டி, பாதிப் பாட்டிலைக் குடித்து முடிக்கிறேன். அடுத்த வீட்டுக்கு ஐந்து நிமிடம் தாமதமாகத்தான் போகிறேன்.