விழாவுக்கு வராத கல்

கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் என் நாத்தனார் ஆமணக்கெண்ணெய்ச் சீசாவோடு நின்றது இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. பெட்டிக்குள் எங்கள் சாமி. கீழே அட்டையில் 'கற்கோடரி' என்று எழுதியிருந்தது. நான் அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள். அதைப் படித்துச் சொல்லத்தான் என்னைக் கொல்லிமலையிலிருந்து பஸ் ஏற்றி அந்த டவுன் மியூசியத்துக்குக் கூட்டி வந்திருந்தார்.

உள்ளங்கை அளவுக் கல்தான். வழவழவென்று, ஒரு பக்கம் கூராக இருக்கும். மரவள்ளிக் காட்டில் கிழங்கு தோண்டும்போது நாத்தனாருக்குக் கிடைத்தது. அப்படிக் கல் கிடைத்தால் யாரும் வீட்டுக்கு எடுத்துப் போக மாட்டோம். கோயில் மேடையில் வைத்துவிடுவோம். கண்டெடுத்தவர்தான் வருசா வருசம் விழாவில் அதற்கு எண்ணெய் பூச வேண்டும். சில குடும்பங்கள் பிரிந்து போய்ப் புதிதாக ஊர் கட்டினால், மேடையிலிருந்து ஒரு கல்லைக் கொடுத்தனுப்புவோம். விழாவுக்கு அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

மியூசியத்து ஆபீசர் மலையேறி வந்து நாத்தனாரின் கல்லைக் கேட்டபோதும் அப்படித்தான் நினைத்தோம். மரியாதையான மனிதர், செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு கையாலும் வாங்கினார். எடுத்துக் கொடுத்தது என் வீட்டுக்காரர், அவர்தான் பூசாரி. ஏதோ தாளில் கைநாட்டு வாங்கினார்கள். படிக்கத் தெரிந்த நான், ஆம்பளைகள் முன்னால் வரக் கூச்சப்பட்டுக் கதவுக்குப் பின்னாலேயே நின்றுவிட்டேன். விழா வந்தது, கல் வரவில்லை.

அதைக் கேட்கத்தான் அன்று போயிருந்தோம். ஆபீசர் எங்களை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். கல் அரசாங்கப் பதிவில் ஏறிவிட்டது, இனி வெளியே போகாது, எண்ணெய் பட்டால் கெட்டுவிடும் என்றார்.

"ஏனுங்க சார், இத்தன வருசமா எண்ண குடிச்ச கல்லுங்க, இப்பத்தான் கெட்டுப் போகுதுங்களா?" என்ற நாத்தனார், எழும்போது மெதுவாகச் சொன்னார்: "நாங்க அனுப்பித்தான் வெச்சமுங்க. குடுத்துடலீங்க."

அதன்பின் ஒவ்வொரு விழாவிலும் மேடையில் அந்தக் கல் இருந்த வெற்றிடத்தில் எண்ணெய் பூசினார். சாகும் முன் என் கையைப் பிடித்து, "இனிமே நீதான் பூசோணும் கண்ணு" என்றார்.

ஆபீசரை நான் குறை சொல்லவில்லை. கோயிலைப் புதிதாகக் கட்டியபோது மேடையிலிருந்த மற்ற கற்கள் சிமென்ட்டுக்கு அடியில் போய்விட்டன. இங்கேயே இருந்திருந்தால் இதுவும் போயிருக்கும். ஆனாலும் வெளியூர் போகிறபோது மாட்டைப் பக்கத்து வீட்டில் கட்டிவிட்டுப் போகிறோம். நன்றாகத் தீனி போட்டார்கள் என்பதற்காக மாடு அவர்களுடையது ஆகிவிடுமா?

போன மாதம் மகளோடு மியூசியத்துக்குப் போனேன். இப்போது பெட்டிக்குள் விளக்குப் போட்டிருக்கிறார்கள். வாசலில் இருந்த பெண் ஒரு நோட்டைத் தள்ளி, ஏதாவது எழுதச் சொன்னாள். பின்னால் ஆட்கள் நின்றார்கள். எழுத்துக்கூட்டி எழுதினேன்:

'மூன்றாவது பெட்டியில் இருப்பது எங்கள் ஊர்ச் சாமி. சித்திரையில் விழா. அனுப்பி வைக்கவும். முடிந்ததும் நாங்களே கொண்டுவந்து விட்டுவிடுகிறோம்.'