நிற்க வைத்து எடுத்த அளவு

ஆடுகோடி வட்டாரத்தில் ஒரு தையல் பட்டறை. ஏற்றுமதியில் கழித்துவிட்ட சரக்கு கூரை வரை அடுக்கியிருக்கிறது. மூன்று மணிக்கு எனக்கு டெல்லி ரயில், அங்கிருந்து பனிமலை. குளிருக்கு உள்ளே நுழைந்து தூங்கும் பை, ஸ்லீப்பிங் பேக், பெரிய கடைகளில் விற்கும் விலை என் கைக்கு எட்டாது. இங்கே ஒன்று மலிவாகக் கிடைத்துவிட்டது. ஆனால் கனம். பக்கத்துக் காய்கறிக் கடைத் தராசு இரண்டேகால் கிலோ என்கிறது. பத்து நாள் என் முதுகுதான் சுமக்க வேண்டும்.

தையல்காரர் அந்தோணி கோலார் தங்கவயல்காரர். என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்.

“இது ஆறடி வெள்ளைக்காரனுக்குத் தெச்சது சார். உங்க ஹைட்டுக்கு வெட்டிட்டா கனம் தன்னால கொறையும்.”

அளவெடுக்க வசதியாக இருக்கட்டும் என்று பைக்குள் நுழைந்து, துணி வெட்டும் மேசைமேல் நீட்டிப் படுக்கிறேன்.

“எந்திரிங்க சார், மொதல்ல எந்திரிங்க!” அவர் குரல் மாறிவிட்டது. “படுத்திருக்கற ஆள நான் அளக்கமாட்டேன். எங்கப்பா மைன்ஸ்ல சவப்பெட்டி செஞ்சவரு. அவரு டேப்ப எடுத்தா, ஆளு படுத்துத்தான் இருப்பான்.”

இறங்கிச் சுவரோரம் நிற்கிறேன். தலையிலிருந்து குதிகால் வரை டேப் இறங்குகிறது. பையின்மேல் சாக்பீஸால் ஒரு கோடு போடுகிறார். பிறகு ஒரு சாண் தள்ளி இன்னொரு கோடு.

“அந்த ஒரு சாண் எதுக்குங்க? அதுவும் கனம்தானே?”

கத்தரியை இரண்டாவது கோட்டில் வைக்கிறார்.

“இருக்கட்டும் சார். உசுரோட தூங்கறவன் கால நீட்டுவான், மடக்குவான். எங்கப்பா அளவுல இந்தச் சாண் கெடையாது.”