பெயர் சொல்லாத ஜெபக் குறிப்பு

ஊரில் எல்லோரும் திடீரென்று என்னிடம் அன்பாக நடந்துகொண்ட அந்த வாரத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் பயம்தான்.

மணவாளக்குறிச்சிப் பக்கம் எங்கள் ஊர். எங்கள் ஆட்கள் பாசம் இல்லாதவர்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதைக் குறை சொல்லித்தான் காட்டுவார்கள். "என்ன பிள்ள, இப்பிடிக் கறுத்துப் போயிட்ட?" என்பதுதான் வழக்கமான நலம் விசாரிப்பு. அந்த வாரம் யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நான் சட்டக் கல்லூரியில் நான்காம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். அம்மா குவைத்தில் நர்ஸ். வீட்டில் நானும் அப்பாவும் மட்டும். அப்பாவுக்கு ஜங்ஷனில் ஹார்டுவேர் கடை, எங்கள் சர்ச் சபையில் கமிட்டிச் செயலாளர் பதவி. என்னைச் சட்டம் படிக்க அனுப்பும்போது அவர் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்: "ஒரு பேப்பர் போச்சுன்னாலும் டி.சி.ய வாங்கீட்டு வீட்டுல இரி." விளையாட்டாகச் சொல்லவில்லை. அவருக்கு விளையாட்டாகப் பேசத் தெரியாது.

ஒவ்வொரு நாளும் சாப்பிடும்போது "இன்னைக்கு என்ன படிச்ச?" என்று கேட்பார். சொல்வேன். "அதுக்கு மேல?" என்பார். அதற்கு மேலும் சொல்வேன். "அதுக்கு மேல?" சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் நான் தட்டைப் பார்க்கும் வரை அது நடக்கும். பிறகு எழுந்து கை கழுவப் போய்விடுவார்.

மூட் கோர்ட் என்று ஒரு செய்முறைத் தேர்வு உண்டு. வகுப்பறையையே நீதிமன்றம் ஆக்கி, ஒரு பேராசிரியரை நீதிபதி நாற்காலியில் உட்காரவைத்து, நாங்கள் வழக்காட வேண்டும். எனக்கு வழக்கு மனப்பாடம். முதல் வாதத்தைச் சொல்லி முடித்தேன். நீதிபதியாக இருந்தவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அதற்கு மேல்?" என்றார். கோபமாகக்கூட இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். என் தொண்டை அடைத்தது. ஒரு சத்தமும் வரவில்லை. கறுப்புக் கோட்டோடு நின்று நின்று, கடைசியில் நானே இறங்கி வந்துவிட்டேன். ரிசல்ட்டில் அந்தப் பேப்பர் அரியர்.

வீட்டில் சொல்லவில்லை.

எங்கள் கல்லூரியில் படிப்பில் தடுமாறுகிறவர்களுக்கென்று ஓர் ஆலோசனை அறை திறந்திருந்தார்கள். அதில் ஒரு மேடம் இருந்தார். நல்லவர். இதை ஏளனமாகச் சொல்லவில்லை, உண்மையிலேயே நல்லவர். "இங்கே பேசுவது வெளியே போகாது" என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தார். நான் போய் உட்கார்ந்ததும், "தண்ணி குடி மக்கா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு நான் உடைந்துபோனேன். அழுகையில் என்னென்ன சொன்னேன் என்று எனக்கே முழுதாக நினைவில்லை. அவர் குறுக்கே ஒன்றும் பேசாமல் கேட்டார். மறுதேர்வுக்கு முன் காலி வகுப்பறையில் என்னோடு உட்கார்ந்து பேசப் பழக்குவதாகச் சொன்னார். முடிவில் என் தலையில் கைவைத்து ஜெபித்தார். எனக்கு உடம்பு லேசாகி, பஸ்ஸில் தூங்கிக்கூடப் போனேன்.

அதன் பிறகுதான் ஊர் அன்பாக மாறியது.

முதலில் தையல்கடை அக்கா. பஸ் ஸ்டாப்பில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வெசனப்படாத மக்கா, நாங்க ஜெபிக்கோம்" என்றாள்.

"எதுக்கு அக்கா?"

"எல்லாத்துக்குந்தான்."

அடுத்த நாள் பக்கத்து வீட்டுச் சித்தி மீன்குழம்பு கொண்டுவந்து வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பேக்கரியில் மாமா ஒருவர், "கர்த்தர் வாயத் திறப்பாரு பிள்ள" என்று சொல்லிவிட்டு டீயை ஊதிக் குடித்தார். யாருடைய வாயை? எதற்கு? கேட்கப் பயமாக இருந்தது. எல்லோருக்கும் ஏதோ தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் தெரியவில்லை. அப்பாவுக்குத் தெரியுமா என்று சாப்பாட்டு நேரத்தில் அவர் முகத்தையே பார்த்தேன். "அதுக்கு மேல?" என்றுதான் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் தெரிந்தது.

எங்கள் பக்கத்துச் சபைகளில் ஜெபக் குறிப்பு என்பது பெரிய காரியம். ஒருவருக்குக் கஷ்டம் என்றால் காதில் கேட்டவர் சும்மா இருக்கக் கூடாது, நாலு பேரை ஜெபிக்கச் சொல்ல வேண்டும். சொல்லாமல் இருந்தால்தான் தப்பு. இப்போது அதற்கு வாட்ஸ்அப் குழுக்கள் வேறு. ஒரு சபையில் போட்ட குறிப்பு சாயங்காலத்துக்குள் பத்துச் சபைக்குப் போய்விடும். எங்கள் போதகர் மாற்றலாகி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. யார் வீட்டுப் பிள்ளை யார் என்று அவருக்குத் தெரியாது. நோயாளிகளுக்காக வாசித்தார், வெளிநாட்டில் இருப்பவர்களுக்காக வாசித்தார். பிறகு, "கடற்கரைப் பகுதியிலிருந்து சென்று சட்டம் படிக்கிற ஒரு மகள், வாய் திறந்து பேச முடியாமல் தேர்வில் தவறியிருக்கிறாள். வீட்டாருக்கு இது தெரியாது. அந்த மகளுக்காக ஜெபிப்போம்" என்றார்.

எங்கள் சபையில் சட்டம் படிக்கிறவள் நான் ஒருத்திதான்.

எல்லோரும் தலையைக் குனிந்து கண்ணை மூடினார்கள். நான் மூடவில்லை. ஆண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அத்தனை குனிந்த தலைகளுக்கு நடுவில் இன்னொருவரும் கண்ணை மூடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா. ஜெபம் நீளமாகப் போனது.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டோம். அன்று அவர் எதுவும் கேட்கவில்லை. கை கழுவிவிட்டு வந்து, "நாளைக்குக் காலேஜுக்கு நானும் வாறேன்" என்றார். அவ்வளவுதான். டி.சி. என்று அவர் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை.

மொட்டைமாடிக்குப் போய் மேடத்துக்குப் போன் செய்தேன். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

"எங்க சபை குரூப்புல ஜெபக் குறிப்புதான் போட்டேன், உன் பேரச் சொல்லல்லியே மக்கா" என்றார்.

"எங்க ஊர்ல சட்டம் படிக்க வேற யாரு மேடம் இருக்கா? பேரச் சொன்னா என்ன, சொல்லாட்டா என்ன? சொவத்துல என்ன எழுதி ஒட்டியிருக்கிய?"

மூட் கோர்ட்டில் வராத வார்த்தை எல்லாம் அன்றைக்கு வந்தது. அந்தப் பக்கம் அழுகைச் சத்தம். "கர்த்தருக்கு முன்னால சொல்லுதேன், இனி உன் விஷயத்துல யாருகிட்டயும் வாய் திறக்க மாட்டேன்" என்றார். வழக்கில் ஜெயித்துவிட்ட மாதிரி எனக்கு ஒரு திருப்தி. அந்தத் திருப்தியை நினைத்தால் இப்போது என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மறுநாள் காலை ஆலோசனை அறையில் அப்பா நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். கமிட்டிக் கூட்டத்துக்குப் போடும் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

"எம் மக உங்ககிட்ட என்ன சொன்னா?"

"மாணவர் சொன்னத வெளிய சொல்லக் கூடாது சார்."

"ஊரு முழுக்க ஜெபம் பண்ணியாச்சு. எனக்கு மட்டும் சொல்லக் கூடாதோ?"

மேடம் உதட்டை இறுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறாராம். அப்பா மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"ஒரு பேப்பர் போனதுக்கு இம்புட்டு ரகசியம் எதுக்கு? ஏட்டி, வேற ஏதும் உண்டுமா?"

அந்த 'வேற ஏதும்' என்னவென்று எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். எவனாவது ஒருவன். அந்தச் சந்தேகம் அவர் மனதில் விழுந்துவிட்டால் கல்லூரி மட்டுமல்ல, வீட்டு வாசல்படிகூட எனக்கு இல்லை. பதில் சொல்ல வாயைத் திறந்தேன். தொண்டை அடைத்தது. நான் பேசாமல் இருக்க இருக்க, அவர் முகத்தில் அந்தச் சந்தேகம் உறுதியாவது தெரிந்தது.

சாட்சியச் சட்டத்தில் ஒரு விதி உண்டு. கட்சிக்காரர் சொன்னதை வக்கீல் வெளியே சொல்லக் கூடாது, கட்சிக்காரரே சம்மதித்தால் ஒழிய. எத்தனையோ தடவை படித்தது, அப்போது வந்து கைகொடுத்தது.

"சொல்லலாம் மேடம். எனக்குச் சம்மதம்" என்றேன். எப்படியோ வந்துவிட்டது.

மேடம் சொன்னார். மூட் கோர்ட், அரியர், மறுதேர்வு, பேசப் பழக்கும் ஏற்பாடு. அப்பாவின் தோள் கொஞ்சம் தளர்ந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் சம்மதம் கொடுத்தாகிவிட்டது, அவருக்கு நிறுத்தத் தெரியவில்லை.

"நீதிபதி நாற்காலியில யாரு இருந்தாலும் அவளுக்கு உங்க முகந்தான் தெரியுதாம் சார். உங்களுக்குப் பயந்துதான் தொண்ட அடைக்குதாம். சாப்பாடு எறங்க மாட்டேங்குது, அப்பா கேக்கத நிறுத்தினாப் போதும்னு அழுதா."

நான் இதைச் சொன்னேனா? சொல்லியிருக்க வேண்டும்.

அப்பா எழுந்து மேடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு வெளியே நடந்தார். டி.சி. பற்றி அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. நான் மறுதேர்வு எழுதினேன், தேறினேன். இன்று கோர்ட்டில் வழக்காடுகிறேன். எந்த நீதிபதி முன்னாலும் இப்போது எனக்குத் தொண்டை அடைப்பதில்லை.

அன்று பைக்கில் திரும்பும்போது இரணியல் பக்கம் ரயில்வே கேட் அடைத்திருந்தது. அப்பா வண்டியை அணைத்தார். ரயில் வருவதற்கு முன், என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"நான் உன்ன ஒரு நாளும் அடிச்சதில்லியே மக்கா?"

உண்மைதான், அடித்ததில்லை. 'இல்லப்பா' என்று சொன்னால் போதும். வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. ரயில் வந்து போனது, கேட் திறந்தது, பின்னால் நின்ற வண்டிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். அப்பா வண்டியை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.