மழைக்கு முன்னால் ஊசி கேட்ட கிடைக்காரர்

ஐப்பசியின் முதல் மழை பெய்து ஓய்ந்திருந்த காலை. திருச்சுழியில் நான் செவிலியராக வேலை பார்க்கும் சிறிய மருத்துவமனையில், அன்றைய முகாமுக்கான தடுப்பூசி மருந்துகளைக் குளிர்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். பரளச்சிப் பக்கத்தில் அப்பா வீட்டுக்கு வந்திருந்த கனகு போனில் கூப்பிட்டாள். "அக்கா, அப்பா போயிட்டாக. விடியக்காலம் நெஞ்சப் புடிச்சுக்கிட்டு உக்காந்தவுக, அப்படியே சாஞ்சிட்டாக." பெட்டியை மூடக்கூடத் தோன்றாமல் நின்றேன்.

கனகுவின் அப்பா இருளாண்டி ஐயா என்றால் பலருக்குத் தெரியாது, கிடைக்காரர் என்றால் தெரியும். அறுவடை முடிந்த புஞ்சைகளில் ஆடுகளைக் கிடையாக அடைத்துப் படுக்கவைத்து நிலத்துக்கு உரம் சேர்ப்பது அவர் தொழில். பரளச்சியிலிருந்து நரிக்குடி வரை அவருடைய கிடை படுக்காத புஞ்சை குறைவு. உங்களில் சிலர் அவரிடம் ஆடு வாங்கியிருப்பீர்கள். மற்றவர்கள் திட்டு வாங்கியிருப்பீர்கள். நான் இரண்டாவது கூட்டம். அவரைப் பற்றி ஒப்பாரி வைத்து எழுத எனக்கு மனமில்லை. வாய் நிறையப் பெருமை பேசத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் அவரைப் பார்த்தது அவருடைய அண்ணன் இறந்தபோது. சாதாரணக் காய்ச்சல்தானே என்று மிளகுக் கஷாயம் குடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார் அண்ணன். சளி நெஞ்சில் இறங்கி மூச்சுத் திணறிய பிறகு மதுரைக்குத் தூக்கிப் போயும் பிழைக்கவில்லை. மழைக்காலத்தில் பரவும் ஃப்ளூ காய்ச்சல் அது, வயதானவர்களை இப்படித்தான் சாய்க்கும் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். காரியம் முடிந்த கையோடு கிடைக்காரர் எங்கள் டாக்டரம்மா முன்னால் வந்து நின்றார்.

"இந்தக் காச்சலுக்கு ஊசி இருக்கா இல்லையா?"

"இருக்கு ஐயா. மழைக்கு முன்னாடி வருசா வருசம் போட்டுக்கணும். பெரியவங்க யாரும் கேட்டு வர்றதில்லை."

"மழைக்கு முன்னாடி ஆட்டுக்குத் துள்ளுமாரி நோவு வராம ஊசி போடுறோம். ஒரு உருப்படி விடாமப் போடுறோம். எங்கண்ணன் ஒரு ஆட்டுக்குச் சமானம் இல்லாமப் போயிட்டானா?"

கத்தித்தான் கேட்டார். டாக்டரம்மா அவரை உட்காரச் சொன்னார், அவர் உட்காரவில்லை. அந்தக் கேள்விதான் எங்களை வேலை வாங்கியது. டாக்டரம்மா தெரிந்தவர்களிடமெல்லாம் பேசி, அடுத்த புரட்டாசியில் மருந்தை வரவழைத்துவிட்டார்.

முதல் முகாமுக்கு நாங்கள் ஒரு சனிக்கிழமையைக் குறித்தோம். அவர் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நாற்காலி போட்டுக் காத்திருந்தோம். ஈ, காக்காய்கூட வரவில்லை. ஊசிக்குப் பயப்படுகிறார்கள் என்று நான் அலுத்துக்கொண்டேன். கிடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "தாயி, நாளைக்குக் கருப்பசாமிக்குக் கிடா வெட்டு. ஊசி போட்டா கறி திங்கக் கூடாதுன்னு ஊருக்குள்ள ஒரு பேச்சு. கறியை விட்டுட்டு எந்தக் கிழவன் ஊசிக்கு வருவான்? நாளு குறிக்கும்போது எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீகளா?" கேட்கவில்லைதான். டாக்டரம்மா எழுந்து அவரோடு தெருவுக்குள் போனார். ஊசிக்கும் கறிக்கும் சண்டையில்லை என்று அவர் சொல்லச் சொல்ல, கிடைக்காரர் ஊர் கேட்கக் கத்தினார்: "டாக்டரம்மாவே நாளைக்கு நம்ம பந்தியில உக்காருறாக!" டாக்டரம்மாவை அவர் அதுவரை பந்திக்கு அழைக்கவே இல்லை. மதியத்துக்குள் நாற்காலிகள் நிறைந்தன. மறுநாள் டாக்டரம்மா வந்தார், ஈரல் தனியாகக் கிடைத்தது.

ஊசி போட்ட ஆட்டின் முதுகில் சாயம் தடவுவது அவர் வழக்கம், எது விட்டுப்போயிற்று என்று தெரிய வேண்டுமல்லவா. முகாம் வாசலிலும் சாயக் கிண்ணத்தோடு நின்றுவிட்டார். போட்டுக்கொண்டு வருகிறவர்களின் கட்டைவிரல் நகத்தில் ஒரு தீற்று. அவர் சேக்காளி ஒருவர் கையை உதறினார்: "ஏலே, என்னைய என்ன கிடாயின்னு நெனைச்சியா?"

"கிடாயா இருந்தா இந்நேரம் வித்திருப்பேன். உன்னைய எவன் வாங்குவான்?"

மனிதர்களுக்குப் போய் இப்படிச் செய்யலாமா என்று நான் கண்டித்தேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சாயங்காலம் டீக்கடையில் நகத்தில் சாயம் இல்லாதவர்களைப் பார்த்து மற்றவர்கள் "நீ ஏன் போகலை?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அடுத்த வருடம் சாயத்தை நானே வாங்கிக் கொடுத்தேன்.

பொய் சொல்லி ஆள் சேர்க்க அவருக்குப் பிடிக்காது. காய்ச்சலே வராது என்று ஒருமுறை நான் வாய்தவறிச் சொன்னபோது எல்லோர் முன்னாலும் மறித்தார். "வராதுன்னு சொல்லாத தாயி. வந்தாலும் ஆளச் சாய்க்கிறது கொறையும்னு சொல்லு. அதுதான நெசம்?" ஊசி போட்ட பிறகும் சளி பிடித்தது என்று சண்டைக்கு வந்த ஒருவரிடம், "குடை புடிச்சாலும் காலு நனையத்தான் செய்யும். அதுக்காகக் குடைய வீசிருவியா?" என்று கேட்டார். வந்தவர் குடித்துக்கொண்டிருந்த மோர் புரையேறச் சிரித்துவிட்டார்.

ஊரை வளைத்த மனிதரால் வீட்டை வளைக்க முடியவில்லை. அவர் மனைவி பேச்சியம்மாள் ஒரு வருடமும் ஊசி போட்டுக்கொண்டதில்லை. முகாம் என்று காதில் விழுந்தால் போதும், காரியாபட்டியிலிருக்கும் கனகு வீட்டுக்கு பஸ் ஏறிவிடுவார். "எனக்கு என்ன கேடு? அவுகளுக்கு ஆட்டுக்கும் ஆளுக்கும் வித்தியாசம் தெரியாது" என்பார். கிடைக்காரர் கெஞ்சிப் பார்த்தார், பேசாமல் இருந்து பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. "ஆயிரம் ஆட்ட மடக்கிருவேன் தாயி, இவள மடக்க முடியலை" என்று என்னிடம் சொன்னபோது அவர் குரலில் விளையாட்டு இல்லை. அண்ணனைப் போல அவளும் போய்விடுவாளோ என்ற பயம் அவருக்குக் கடைசிவரை இருந்தது.

இந்தப் புரட்டாசியிலும் முதல் ஆளாகக் கையை நீட்டியவர் அவர்தான். ஒரு மாதம் முடிவதற்குள் போய்விட்டார். போன கோடையிலேயே இதயத்துக்கு மதுரையில் வைத்தியம் பார்த்தவர். வந்தது மாரடைப்பு என்று டாக்டரம்மா இழவு வீட்டிலேயே சொன்னார். யார் கேட்டார்கள்? நான் மாலையோடு படியேறும்போதே காதில் விழுந்தது: "ஊசி ஊசின்னு அலைஞ்சாரு. ஊசியே கொண்டுபோயிருச்சு." பக்கத்து ஊரில் நாங்கள் குறித்திருந்த முகாமுக்கு வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். மழை பிடித்துவிட்டது, வீடுகளில் இருமல் சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது. இத்தனை வருடம் அவர் சேர்த்த நம்பிக்கை அவர் சாவாலேயே கரைவதைப் பார்த்தபோது எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு முந்தின நாள் கனகு மறுபடி கூப்பிட்டாள். "அம்மா ஒங்களையும் டாக்டரம்மாவையும் வரச் சொல்லுது. பெட்டியோட வரணுமாம்." எந்தப் பெட்டி என்று கேட்டேன். "ஊசிப் பெட்டி" என்றாள்.

மறுநாள் நாங்கள் பெட்டியோடு போனது, காரியம் முடிந்து, சொந்தபந்தமெல்லாம் சாப்பிட உட்கார்ந்திருந்த நேரம். பேச்சியம்மாள் உள்ளறையிலிருந்து எழுந்து வந்து கூட்டத்துக்கு நடுவில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். "அவுக போட்டுக்கிட்ட அதே ஊசிய எனக்குப் போடு" என்று புடவைத் தலைப்பை விலக்கிக் கையைக் காட்டினார். அவர் கொழுந்தனார், "மதினி, இன்னைக்குப் போயி இது எதுக்கு? ஒங்களுக்கும் ஏதாவது ஆச்சுன்னா?" என்று பதறினார்.

"எம் புருசன் ஊசியில சாகலை. நெஞ்சு வலியில செத்தாக. பக்கத்துல இருந்தவ நான். எவரு எவரோ பேசுறாக, அவுக இத்தனை வருசம் பேசுன பேச்சு பொய்யாப் போகுது. நான் உசுரோட இருந்து காட்டுறேன்."

டாக்டரம்மா அவரைச் சோதித்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையசைத்தார். எத்தனையோ பேருக்கு ஊசி போட்டிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் மருந்தின் பெயரை இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுப் போட்டேன். பேச்சியம்மாள் முகம் சுளிக்கவில்லை. அவர் எழுந்ததும் கொழுந்தனார் சட்டைக் கையை மடக்கிக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

அந்த வாரமே பக்கத்து ஊரிலிருந்து எங்களை வரச் சொல்லி ஆள் வந்தது, முகாம் நடந்தது. பேச்சியம்மாள் மழையோடு மழையாக எங்களோடு வந்து, தயங்கியவர்கள் முன்னால் தன் கையைக் காட்டிக்கொண்டு நின்றார். வீடு திரும்பும்போது, "அடுத்த வருசம் நாளு குறிக்கிறதுக்கு முன்னாடி எனக்குச் சொல்லு தாயி, நான் ஆளச் சேத்து வைக்கிறேன்" என்றார்.

கிடைக்காரரை அறிந்தவர்களே, அவர் உங்களுக்கு என்ன விட்டுப்போனார் என்று நீங்கள் சொல்லுங்கள். அவரால் கடைசிவரை மடக்க முடியாத அந்த மனுசியை எனக்கு விட்டுப்போயிருக்கிறார்.