பனியாற்றில் கொடுத்த குரல்

ரொறன்ரோவில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு, விழாமல் நடந்ததற்காக. வந்த முதல் மாரியில், பனி உறைந்து கிடந்த பஸ் தரிப்பிடத்தில் எங்கள் ஆட்கள் எல்லோரும் ஒருமுறையாவது சறுக்கி விழுந்தார்கள். நான் மட்டும் விழவில்லை. சப்பாத்துக்குள் என் கால்விரல்கள் தாமாகவே மடங்கி நிலத்தைப் பிடித்துக்கொள்ளும். "உவன்ரை காலிலை பசை இருக்கு" என்று கூட இருந்த ரவி சிரிப்பான். நானும் சிரித்துவிட்டு வேறு கதைக்குத் தாவிவிடுவேன். அந்தக் கால்கள் எங்கே பழகியவை என்று யாரும் கேட்டுவிடக்கூடாது என்பதுதான் அப்போது எனக்கிருந்த பெரிய பயம்.

ஸ்காபரோவில், வெக்ஸ்போர்ட் பகுதியில் இரண்டு அறை கொண்ட ஒரு அப்பார்ட்மென்டில் ஐந்து பேர் இருந்தோம். வீடு அருளம்பலம் அண்ணையின் பெயரில் இருந்தது. யன்னல் பொருத்தும் கொம்பனியில் எனக்கு வேலை எடுத்துத் தந்ததும் அவர்தான். நான் பெட்டியோடு வந்திறங்கிய அன்று தேத்தண்ணி தந்துவிட்டு, "தம்பி ஊரிலை எவடம்? எந்தக் கோயிலடி?" என்று கேட்டார். யாழ்ப்பாணத்தாருக்கு இந்தக் கேள்வியை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: சாதி என்ற சொல்லை வாயில் எடுக்காமலே சாதியைக் கேட்கும் முறை இது. எங்கள் ஊருக்கு மூன்று மைல் தள்ளியிருந்த ஒரு கோயிலைச் சொன்னேன். அப்பாவுக்கு என்ன தொழில் என்றார். தோட்டம் என்றேன். அப்பா பனையேறிக் கள்ளுச் சீவியவர். பன்னிரண்டு வயதிலிருந்து நானும் அவரோடு ஏறியிருக்கிறேன். எண்பத்து மூன்று கலவரத்தில் கொழும்பில் என்னை உதைத்தவர்கள் எந்தக் கோயிலடி என்று கேட்கவில்லை, தமிழன் என்பது அவர்களுக்குப் போதுமாயிருந்தது. எங்கள் ஆட்களுக்குத்தான் அது போதவில்லை.

அந்த வீட்டில் சமையல் என் பொறுப்பு. "உன்ரை சொதிக்கு ஒரு கைராசி இருக்கடா" என்று அண்ணை கோப்பையை வழித்துச் சாப்பிடுவார். அதைக் கேட்கும்போதெல்லாம் சந்தோசமும் நடுக்கமும் சேர்ந்தே வரும். அந்த வீட்டை விட்டால் இந்த நாட்டில் எனக்கென்று தமிழ் பேசும் ஒரு கதவு இருக்கவில்லை.

எண்பத்தாறு கோடையில் எங்கள் கொம்பனிக்குக் கனடாவின் மேற்கு மலைநாட்டில் ஒரு ஹோட்டலின் யன்னல்களை மாற்றும் வேலை கிடைத்தது. என்னையும் அண்ணையையும் நான்கு வெள்ளைக்காரரோடு கொம்பனியின் வான் வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். வேலை முடிந்த ஞாயிற்றுக்கிழமை ஹோட்டல்காரர்கள் எங்களுக்கு ஒரு இலவச உல்லாசம் ஏற்பாடு செய்திருந்தார்கள். பனியாறு ஒன்றில், பழக்கமில்லாதவர்களுக்கும் ஏறச் சொல்லிக்கொடுப்பார்களாம். ஆறு என்று பெயர், ஆனால் ஓடுவது கண்ணுக்குத் தெரியாது. மலைக்கு நடுவில் உறைந்துபோய்க் கிடந்தது. வெடிப்புகளுக்குள் எட்டிப் பார்த்தால் நீலமாயிருந்தது. சும்மா நடந்தாலே விழுகிற இடத்தில், ஆட்கள் ஆசைப்பட்டுக் கயிறு கட்டி ஏறுகிறார்களே என்று எனக்கு எரிச்சலாகவே இருந்தது. எங்கள் ஊரில் ஏறுகிறவனை யாரும் கைதட்டி அனுப்பியதில்லை.

வழிகாட்டியாக வந்தவள் லிண்டா என்ற நெட்டையான பெண். சப்பாத்துகளுக்கு அடியில் இரும்பு முட்களைக் கட்டிவிட்டாள், ஆளுக்கு இரண்டு சிறிய கோடரிகள் தந்தாள். வீட்டுச் சுவர்போல நிமிர்ந்து நின்ற பனியின் உச்சியில் வளையம் ஒன்று இறுக்கியிருந்தது. ஏறுபவரின் இடுப்பிலிருந்து போகும் கயிறு அந்த வளையத்துக்கூடாக இறங்கி, கீழே நின்று பிடிப்பவரிடம் வரும். அவள் திரும்பத் திரும்பச் சொன்னது ஒரு விதிதான். கால் வைக்குமுன் ஏறுபவர் குரல் கொடுக்கவேண்டும், பிடிப்பவர் பதில் சொன்ன பிறகே ஏறவேண்டும்.

முதலில் அண்ணை ஏறினார், கயிற்றை நான் பிடித்தேன். ஆறடி ஏறியதும் பனியைக் கட்டிப்பிடித்தபடி, "தம்பி விட்டிடாதை, விட்டிடாதை" என்றார். "நான் பிடிச்சிருக்கிறன் அண்ணை, பயப்பிடாமல் இறங்குங்கோ" என்று மெல்ல மெல்ல இறக்கினேன். கீழே வந்தவர் என் தோளில் தட்டினார். அடுத்தது என் முறை. கயிறு அவர் கைக்குப் போனது, லிண்டா அவருக்குப் பின்னால் நின்றாள்.

நான் ஒரு கோடரியைக் கையில் எடுத்துக்கொண்டு மற்றதை முதுகுப் பக்கம் இடுப்பில் செருகினேன், கள்ளுச் சீவும் பாளைக்கத்தி இருக்கவேண்டிய இடத்தில். நினைத்துச் செய்யவில்லை. பனியில் வலதுகாலை வைத்ததும் குரல் கொடுக்கவேண்டும் என்ற ஞாபகம் வந்தது. வாயைத் திறந்தேன். லிண்டா சொல்லித்தந்த ஆங்கிலச் சொல் வரவில்லை.

"ஓ... மரத்திலை ஆள்... மரத்திலை ஆள்..."

அது அப்பாவின் குரல். பனையில் ஏறினால் வேலிக்கு அப்பால் பெரிய வீட்டுக்காரரின் கிணற்றடி தெரியும். அங்கே குளிக்கும் பெண்கள் உள்ளே போவதற்காக, ஏறுமுன் அப்படிக் கூவவேண்டும். ஒருநாள் கூவ மறந்த என் சித்தப்பாவை அதே மரத்தில் கட்டிவைத்து அடித்தார்கள். அந்தப் பயம் எனக்குள் அவ்வளவு ஆழத்தில் இருந்திருக்கிறது. மலையில் பட்டு அந்தக் கூவல் திரும்பவும் வந்தது. வெள்ளைக்காரர்கள் கைதட்டினார்கள். அண்ணையிடமிருந்து பதில் வரவில்லை.

பதிலுக்குக் காத்திராமல் ஏறினேன். இனி இறங்கி என்ன செய்ய? உச்சியைத் தொட்டுவிட்டுக் கீழே பார்த்தபோது கயிறு லிண்டாவின் கையில் இருந்தது. அண்ணை தூரத்தில் ஒரு கல்லில் எங்களுக்கு முதுகு காட்டி இருந்தார். "உன் நண்பருக்குக் குளிராம், கவலைப்படாதே, நான் பிடித்திருக்கிறேன்" என்று அவள் கத்தினாள். இறங்கியதும் என் கால்களைக் காட்டி, இதை எங்கே படித்தாய் என்று கேட்டாள். அப்பாவிடம் என்றேன். உங்கள் நாட்டிலும் பனிமலை இருக்கிறதா என்றாள். ஓம் என்று தலையாட்டினேன். அதற்குமேல் விளக்க எனக்கு மனமில்லை.

திரும்பி வந்த மூன்று நாள் வண்டிப் பயணத்தில் அண்ணை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்து நான் அரிசி களைய ஆரம்பித்ததும், "இண்டைக்கு ரவி சமைக்கட்டும், நீ இரு" என்றார். ரவிக்குத் தண்ணீர் கொதிக்கவைக்கவே சரியாகத் தெரியாது. அடுத்த நாளும் அதேதான். மூன்றாம் நாள் என் தேத்தண்ணிக் கோப்பை மற்றக் கோப்பைகளிலிருந்து விலகி யன்னல் ஓரத்தில் இருந்தது. அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

"அண்ணை, ஒண்டரை வரியமா என்ரை கையாலைதானே சாப்பிட்டனீங்கள்?"

"அது தெரியாமல் சாப்பிட்டது."

"இப்ப என்ன தெரிஞ்சது?"

"அந்தக் குரலைக் கேட்டுத்தான் என்ரை அக்காமார் கிணத்தடியாலை உள்ளை வருவினம். எனக்குத் தெரியாதோ?" அவர் குரலை உயர்த்தவேயில்லை. "நீ முதலே சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா உள்ளை விட்டிருப்பியளோ?"

அவர் குழாயைத் திறந்து கை கழுவினார். முதுகைக் காட்டியபடியே, "வேறை இடம் பார். உனக்கும் அதுதான் நல்லது" என்றார். அவர் மீது வந்த கோபம் இன்றும் தணியவில்லை. ஒன்றரை வருடம் எங்கோ இருந்த ஒரு கோயிலை என் கோயில் என்று சொல்லிக்கொண்டு திரிந்த என் மீதும்தான் கோபம். ரவி என் பெட்டியை லிஃப்ட் வரை தூக்கி வந்தான். "குறை நினையாதை மச்சான்" என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

ஊரிலிருந்து இதை வாசிப்பவர்களே, கடல் தாண்டினால் இதெல்லாம் போய்விடும் என்று யாராவது கடிதம் எழுதினால் நம்பாதீர்கள். குளிருக்குக் கெடாத சாமான்களில் இதுவும் ஒன்று.

இப்போது ஸ்காபரோவின் இன்னொரு மூலையில் ஒரு நிலவறையில் தனியே இருக்கிறேன். அதே கொம்பனிதான், அண்ணை வேறு குழுவுக்கு மாறிவிட்டார். உயரமான கட்டடங்களுக்கு வெளியே தொங்கும் பலகையில் நின்று யன்னல் மாற்றுவது என் வேலை. ஒவ்வொரு மாடியையும் நெருங்கும்போது, உள்ளே இருப்பவர்கள் திடுக்கிடாதபடி சத்தம் காட்டவேண்டும் என்பது இங்கே விதி. மற்றவர்கள் விசிலடிப்பார்கள். நான் இப்போது வேண்டுமென்றே அப்பாவின் குரலைத்தான் கொடுக்கிறேன்.

போன மாதம் பதினான்கு மாடிக் கட்டடம் ஒன்றில் ஏறிக்கொண்டிருந்தோம். நான் கூவக் கூவ, இது என்ன புதுச் சத்தம் என்று ஆட்கள் திரைச்சீலையை விலக்கிப் பார்த்தார்கள். ஒரு கிழவி கையசைத்தாள். ஏழாம் மாடியில் மட்டும் திறந்திருந்த திரைச்சீலை ஒன்று சடாரென்று மூடிக்கொண்டது. உள்ளே இருப்பவர்கள் எங்கள் ஆட்கள் என்று தெரிந்தது. அந்தக் கட்டடத்தில் என் மொழி விளங்கிய வீடு அது ஒன்றுதான்.